மத்தியானத் தறி

எங்கள் தெருவில் ரகசியம் பேச முடியாது. வீட்டுக்கு இரண்டு விசைத்தறி, வசதியான வீட்டில் நான்கு. அத்தனையும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் காதில் விழவேண்டும் என்றாலே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதனால் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று ஒன்று வந்தால் தெருமுனை டீக்கடை வரைக்கும் வசனம் தெளிவாகப் போய்ச் சேரும். என்னை ஒட்டுக் கேட்கிறவள் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் பாட்டுக்கு வாசற்படியில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்குகிறேன். காதுக்குக் கதவு இல்லை. அதற்கு நான் என்ன செய்ய?

எதிர்வீட்டு மாரிக்கண்ணனும் நிர்மலாதேவியும் பிரியப் போகிறார்கள் என்பது அப்படித்தான் அவர்களுக்கே தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. குடி கிடையாது. இன்னொருத்தி கிடையாது. விசாரித்த வரையில் எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். இரண்டு பேருக்கும் வாய் நீளம், காது குட்டை. வேறு குற்றம் சொல்ல முடியாது. இரண்டு பேரும் நெசவுக்காரர்கள். தறி இரண்டும் அவள் அப்பா சீராகக் கொடுத்தவை. பிள்ளை அபிதா தவழ ஆரம்பித்த சமயத்தில் ஒருநாள் மாரிக்கண்ணன், "நீயும் ஒன் தறியுமே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு வாசுதேவநல்லூரில் இருக்கும் அக்காள் ஆவுடையம்மாள் வீட்டுக்குப் போனான். போனவன் வரவில்லை. வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது.

அவன் ராஜபாளையம் பக்கம் ஒரு நூல்மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இவள் தனக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டாள். எங்கள் தெருவில் இந்த வார்த்தை யார் வாயிலும் முழுசாக நிற்காது. சீவனாம்சம் என்பார்கள், சீமாம்சம் என்பார்கள். டீக்கடைக்காரர் ஒருவர்தான் சுத்தமாகச் சொல்லுவார். அவருக்கு அதில் அனுபவம்.

அந்தச் சமயத்தில்தான் ஆவுடையம்மாள் தம்பியின் வக்கீலையே கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். சங்கரபாண்டி வக்கீல் நல்ல மனுஷர். கறுப்புக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சட்டம் சொன்னார்.

"ஜீவனாம்சம் ரெண்டு வகைம்மா! கேஸ் நடக்கும்போதே மாசாமாசம் கொடுக்கது இடைக்காலம். சாப்பாட்டுக்கு, கேஸ் செலவுக்கு. கேஸ் முடிஞ்ச பிறகு கொடுக்கது நிரந்தரம். அத மாசாமாசமும் கொடுக்கலாம், மொத்தமா ஒரே தடவையிலயும் தீத்துரலாம்!"

"நிரந்தரம்னா சாகுற வரைக்குமா?" என்றேன்.

"அந்தப் பொண்ணு வேற ஒருத்தரக் கட்டிக்கிட்டா நிறுத்தச் சொல்லிக் கேக்கலாம். ரெண்டு பேர்ல யாருக்கு நிலைமை மாறினாலும் கூட்டவோ குறைக்கவோ கோர்ட்ல கேக்கலாம். பிள்ளைக்குக் கொடுக்கது தனிக்கணக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. புருஷனுக்கு வருமானம் இல்ல, பொண்டாட்டி சம்பாதிக்கான்னா அவனும் கேக்கலாம்!"

என் வீட்டுக்காரர் இசக்கிராஜா, மதுரையில் வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டு வருஷமாகப் பேப்பர் படிக்கிறவர், அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பேப்பரைக் கீழே இறக்கினார்.

"அப்படியா வக்கீலய்யா? எங்க வீட்டுல இட்லி மாவு யாவாரம் நல்லாத்தான் போகுது."

"மொதல்ல அவங்க மேல கேஸ் போடணும்லா அண்ணாச்சி."

"மத்தியானச் சாப்பாடு ஆகட்டும், பாப்போம்" என்று பேப்பரை மறுபடி ஏற்றிக்கொண்டார்.

ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏட்டி முப்பிடாதி, விசயத்துக்கு வா. அவ தனக்குச் சல்லிக்காசு வருமானமில்லன்னு சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்திருக்கா. தெனமும் மத்தியானம் அவ தறி ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

"அந்த ஒரு வார்த்தைய வந்து கூண்டுல ஏறிச் சொல்லு. போதும். எந்தம்பி அங்கன பஞ்சுக்குள்ள கெடந்து சாவுதான். இவ இங்கன தறியும் ஓட்டிக்கிட்டு, அவன்ட்டயும் வாங்கித் திம்பாளா?"

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவளுக்கு வருமானம் உண்டு என்று ஆகிவிட்டால், கோர்ட்டு அவளுக்குப் போடும் மாதப்பணம் இல்லையென்று போகும். பிள்ளைக்கு வரும் துளிப்பணத்தில் இரண்டு வயிறு நிறையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து எல்லாரும் என்னிடம் "வாய மூடு" என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். வாயைத் திற என்று, அதற்கென்று ஒரு கூண்டும் கட்டி வைத்து, வக்கீலே வீடு தேடி வந்து கூப்பிட்டது அன்றைக்குத்தான். யாருக்கும் கொஞ்சம் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனாலும் எனக்குள்ளே ஒன்று உறுத்தியது. அவள் தறி ஓடுவது நிஜம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தறி ஆரம்பிக்கும். டீ நேரத்துக்கு நிற்கும். ஆனால் நூல் கொடுத்துச் சேலை வாங்கும் முதலாளி வீட்டுக் குட்டியானை வண்டி எங்கள் தெருவுக்குள் வந்தால் எந்த வாசலில் நீளவாட்டு நூல் சுற்றிய பாவு எத்தனை இறங்குகிறது, எத்தனை சேலை ஏறுகிறது என்பது எனக்கு மனப்பாடம். நிர்மலா வாசலில் மாதக்கணக்கில் ஒரு நூல்கண்டு கூட இறங்கவில்லை. ஒரு சேலை ஏறவில்லை. நூலும் வராமல் துணியும் போகாமல் ஓடுகிற தறி என்ன தறி? சாட்சி சொல்லப் போகிறவள் நாலும் தெரிந்துகொண்டுதானே போக வேண்டும்? மறுநாள் ஒரு தூக்குவாளியில் மாவை ஊற்றிக்கொண்டு, தறிச் சத்தம் ஆரம்பித்ததும் எதிர்வீட்டுக்குள் நுழைந்தேன்.

கூடம் கழுவிவிட்ட சாமி சன்னதி மாதிரி இருந்தது. ஒரு நூல் பிசிறு இல்லை. மூலையில் பஞ்சு இல்லை. ஒரு தறி துணி போர்த்திக் கிடந்தது. இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் பாவு இல்லை, ஊடை இல்லை, ஊடை நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாக் கட்டை கூட இல்லை. நாடா இல்லையென்றால் தறி தானே நின்றுவிடும். நிற்காமலிருக்க அடியில் ஒரு கம்பியைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தாள். வெற்றுத் தறி, தடதடவென்று காற்றை நெய்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் தொட்டில். தொட்டிலுக்குள் அபிதா, வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம்.

நிர்மலா என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பாத்துட்டீங்கள்லா அக்கா. இனி மறைச்சு என்ன செய்ய? பிள்ளைக்கு வீசிங். பஞ்சுத் தூசி ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூணு வயசு வரைக்கும் நூலு இருக்க எடத்துல விடாதீங்கன்னாரு. பாவெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டேன். வேற தறிக்கு வேலைக்குப் போவோம்னா இவள எங்கன விட? தெரு பூராவும் தூசி. இந்த ஒரு வீட்டத்தான் கழுவித் தொடச்சு வச்சிருக்கேன்."

"சரிட்டி, வெத்துத் தறிய ஏன் போட்டு ஓட்டுத?"

"வயித்துல இருந்ததுலருந்து இந்தச் சத்தம்தான அவளுக்கு. தறி நின்னா கண்ண முழிச்சிருதா. முழிச்சா அழுதா. அழுதா இழுப்பு வந்துருது. போன்ல சத்தத்தப் புடிச்சுப் போட்டும் பாத்தேன். தரை அதிரல, அவ ஏமாறல. நம்ம தறிக்கு ஒரு அளவு வரைக்கும் கரண்ட் இலவசம், அதான் சமாளிக்கேன்."

"இத அப்படியே கோர்ட்ல சொல்ல வேண்டியதுதான?"

அவள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எங்க வக்கீலும் அதத்தான் சொன்னாரு. பொம்பளப் பிள்ள அக்கா. இழுப்புக்காரின்னு கோர்ட் பேப்பர்ல ஏத்தி முத்திரையும் குத்திட்டா அழியுமா? நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் எவனாவது தோண்டி எடுத்துக்கிட்டு வந்து நின்னா? பணம் வராட்டிப் போகுது. நீங்க யாருட்டயும் சொல்லிராதீங்க."

பால்பல் முழுசாக முளைக்காத பிள்ளைக்கு மாப்பிள்ளை வீட்டைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். எங்கள் தெருவில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். நானும் சிரிக்கவில்லை. தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வந்து உட்கார்ந்த பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. கூண்டிலேறி "தறி ஓடுது" என்று உண்மையைச் சொன்னால் அவள் பிழைப்பு போகும். ஏன் ஓடுகிறது என்று மிச்ச உண்மையையும் சொன்னால் சத்தியம் போகும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "ஒனக்கு ஒடம்பு சரியில்லையா? யாரப் பத்தியும் ஒண்ணும் சொல்லக் காணுமே" என்று வீட்டுக்காரரே பயந்துபோனார்.

மூன்றாம் நாள் மாரிக்கண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஏலே மாரி, சாட்சிக்கு வாரேன். அதுக்கு முன்ன ஞாயித்துக்கெழம மத்தியானம் எங்க வீட்டுல வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

"எதுக்கு மதினி?"

"கேஸ் போட்டவன் ஒரு தடவ தன் காதால கேக்க வேண்டாமா? வாலே."

ஞாயிற்றுக்கிழமை தெருவில் தறி ஓடாது. எல்லாருக்கும் லீவு. மற்ற நாளில் நூறு தறிச் சத்தத்துக்குள் எந்தத் தறி எப்படி ஓடுகிறது என்று எவராலும் பிரிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை முடியும். வந்து கேள் என்றேன், அவ்வளவுதான். சத்தியத்தில் ஒரு கீறல் இல்லை.

வந்தான். இளைத்திருந்தான். அக்காள் சமையல் அப்படி. கருவாட்டுக் குழம்பை ஊற்றி, இரண்டாவது தடவை சோறு வைக்கும்போது எதிர்வீட்டில் தறி ஆரம்பித்தது.

அவன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு கை நின்றது. தலையை ஒருபக்கமாகச் சாய்த்தான்.

"மதினி, நாடா போகலயே."

"எனக்கென்னய்யா தெரியும். எனக்கு எல்லாத் தறியும் ஒண்ணுபோலதான்."

"இல்ல, நாடா போனா ரெண்டு பக்கமும் பெட்டிக்குள்ள போய் விழுத சத்தம் கேக்கும். இது சும்மா முன்னால ஆடுத பலகையும், நாடாவ அடிச்சுத் தள்ளுத சாட்டையும் அடிக்கி. பாவும் இல்ல போலிருக்கு." முகம் மாறிவிட்டது. "இப்படி ஓட்டுனா சாட்டை ஒடிஞ்சு பறந்து வந்து மூஞ்சியில அடிக்கும் மதினி! கிறுக்கு கிறுக்கு, இவளுக்கு யாரு சொல்ல?"

கையைக்கூடக் கழுவவில்லை. குழம்புக் கையோடு எழுந்து தெருவைத் தாண்டிப் போனான். நான் பின்னாலேயே போகவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.

"வெத்துத் தறிய எதுக்குட்டி ஓட்டுத?" என்று கத்தினான்.

"மெதுவாப் பேசுங்க! பிள்ள தூங்குதா!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினாள் அவள்.

அவன் காதில் அது ஏறவில்லை. போன வேகத்தில் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டான்.

தறி நின்றது. ஞாயிற்றுக்கிழமைத் தெரு. அப்படியொரு அமைதி. அந்த அமைதிக்குள் தொட்டில் அசைந்தது. முதலில் ஒரு சிணுங்கல். பிறகு அழுகை. அழுகைக்கு நடுவில், மூச்சு உள்ளே போகும்போதெல்லாம் ஒரு விசில் சத்தம், சின்னதாக, பூனைக்குட்டி கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவது மாதிரி. நிர்மலா ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தடவினாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சண்டையும் போடவில்லை.

மாரிக்கண்ணன் சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றான். தறியைப் பார்த்தான். கழுவிய தரையைப் பார்த்தான். கயிற்றால் கட்டிய கம்பியைப் பார்த்தான். நூல்மில்லில் வேலை பார்க்கிறவனுக்கு அந்த விசில் சத்தம் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு அவனே சுவிட்சைப் போட்டான்.

தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. பிள்ளையின் அழுகை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அம்மா தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, குழம்பு காய்ந்த கையோடு நின்ற அந்த ஆளைப் பார்த்தபடியே கண்ணை மூடியது.

"எப்பருந்து?" என்று கேட்டான். தறிக்கு மேலே கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. இரக்கத்தைக் கத்திக் கேட்பது எப்படி இருக்கும் என்று எங்கள் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும்.

"நீங்க வீட்ட விட்டுப் போன மழைக்காலத்துலருந்து."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"நோட்டீஸ் அனுப்புனவருக்கு என்ன சொல்ல? பேப்பர்ல எழுதச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

"வேண்டாம். எழுத வேண்டாம்" என்றான். அப்புறம் சட்டைக்கை இரண்டையும் மடித்துவிட்டுக்கொண்டு, தறியை ஓரமாக நின்று பார்த்து, "பிள்ள முழிச்ச பொறவு சொல்லு. அந்தச் சாட்டைகளக் கழத்தி வச்சிருதேன். பலகை மட்டும் ஆடுனாப் போதும். அதே சத்தம் வரும், ஆபத்து கெடையாது" என்றான்.

அன்றைக்குச் சாயங்காலம் கழற்றி வைத்துவிட்டு, எண்ணெயும் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

அடுத்த வாய்தாவில் அவள் வருமானத்தைப் பற்றிச் சொன்ன ஆட்சேபணையை வாபஸ் வாங்கிவிட்டான். "ஜெயிக்கிற பாயிண்டு வே, இதப் போய் விடுவாங்களா?" என்று சங்கரபாண்டி வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம். "அந்தத் தறில நூல் இல்ல வக்கீலய்யா. நானே பாத்தேன்" என்பதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். வக்கீல் என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "சாட்சி கலைஞ்சு போச்சேம்மா, நீங்க எதுவும் பேசுனீங்களா?" என்று கேட்டார். "நான் வாயே தொறக்கல" என்றேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையைச் சத்தியமாகச் சொல்ல முடிந்தது அந்த ஒரு தடவைதான். இடைக்கால ஜீவனாம்சம் அவள் கேட்டபடியே உத்தரவானது.

இனி என்ன, சேர்ந்துவிடுவார்கள் என்று தெரு முழுக்க ஒரே பேச்சு. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஜோடியாக வருவார்கள் என்று டீக்கடையில் பந்தயமே கட்டினார்கள். வரவில்லை. வாய் குட்டையாகவில்லை, காது நீளவுமில்லை. அது அவர்களுக்கே தெரிந்திருந்தது. இரண்டு பேரும் சம்மதித்து எழுதிக் கொடுத்து, கோர்ட்டு சொன்ன தவணையெல்லாம் காத்திருந்து, விவாகரத்து வாங்கினார்கள். மாதாமாதம் அவளுக்கு இவ்வளவு, அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளும் வரைக்கும். பிள்ளைக்குத் தனியாக இவ்வளவு. மொத்தமாகத் தீர்த்துவிடலாமே என்று வக்கீல் கேட்டதற்கு, "மாசாமாசமே இருக்கட்டும்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்களாம். நாலு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான் என்று ஆவுடையம்மாளே சொன்னாள்.

பணம் போன் வழியாகத் தானே வந்துவிடும். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிக்கண்ணன் எண்ணெய்க் குப்பியோடு வருவான். "கட்டுனவள விட்டுட்டான், கட்டாத தறிய விட மாட்டேங்கான்" என்பாள் அக்காள்காரி. அவன் தறியைப் பார்த்துப் பேசுவான்; அவளும் தறியைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். முன்னே எப்படிக் கூப்பிடுவாளோ அப்படிக் கூப்பிட முடியாது, பெயர் சொல்லவும் நாக்கு வராது. தறிக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. அபிதா மட்டும் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பேசுவாள்.

இப்போது இதைச் சொல்வதில் தப்பில்லை. அபிதாவுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. இழுப்பு வந்து பல மாதம் ஆயிற்று. டாக்டர் இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வந்து சட்டையை மடித்துவிடும் நேரம், கரண்ட் போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்த தறி பொட்டென்று நின்றது. அவன் தறி ஓரத்தில், அவள் சமையல்கட்டு வாசலில், சத்தம் நின்றதும் ஓடிவந்த நான் அவர்கள் நிலைப்படியில். மூன்று பேரும் தொட்டிலைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பிள்ளை ஒருபக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் புரண்டது. ஒரு காலைத் தொட்டிலுக்கு வெளியே போட்டது. தூங்கியது.

அவன் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகி மூடினான். இனி அதற்கு வேலையில்லை என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"பாவு ஏத்தலாம்னு இருக்கேன். பிள்ளையும் பள்ளிக்கூடம் போகப் போறா" என்றாள் நிர்மலா, தறியிடம். "எனக்கு வருமானம் வந்துரும். வக்கீலுட்டச் சொல்லி மாசப்பணத்தக் கொறைச்சுக்கிடச் சொல்லணும்."

"கொறைக்கணும்னா மறுபடி மனுப் போடணும். வக்கீல் பீஸுக்கு யாரு அழ?" என்றான் அவன். "மூடிக்கிட்டு வாங்கிக்கிட வேண்டியதுதான்."

"மொதல்ல சாட்டைய மாட்டணும். தெரிஞ்ச ஆளு யாராவது இருந்தா நல்லது."

அவன் மூடியைத் திருகித் திறந்தான்.

நிலைமை மாறினால் கோர்ட்டில் சொல்லலாம் என்று வக்கீல் அன்றைக்கே சொல்லித்தான் இருக்கிறார். இதுவரை இரண்டு பேரும் போய்ச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள் என்றும் பாராமல், அவள் வீட்டில் ஏற்றிய புதுப்பாவில் தறியை ஓட்டிப் பார்த்தார்கள். அவன் பஸ்ஸுக்குக் கிளம்பித் தெருவில் இறங்கியவன், என் படிக்கு நேரே நின்று தலையைச் சாய்த்தான்.

"கேட்டீங்களா மதினி? நாடா போகுது."

"எனக்கென்னய்யா தெரியும். எனக்கு எல்லாத் தறியும் ஒண்ணுபோலதான்" என்றேன்.